சிறு கடைக்காரரும் புகைத் தடைச் சட்டமும்

(பேராவூரணியில் கூடிய நம் சங்க மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



மாதந்தோறும் நாம் இவ்வாறு ஒருங்கு கூடிக் கல்வி நிதி, திருமணம், கோயில் திருப்பணி முதலியவற்றைப் பற்றிப் பேசி வருகின்றோம். இன்று நம்மவருடைய தொழிலைப் பற்றி யாதேனும் பேசுமாறு செயலாளர் அவர்கள் எனக்குக் கட்டளையிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் இலக்கணம் கற்பிப்பவனுக்கு வாணிகத்தைப் பற்றி என்ன தெரியும் என்று உங்களுட் சிலர் எண்ணுதல் கூடும். அவ்வெண்ணம் தவறன்று. ஆயினும், நம்மவருள் பெருவணிகர் சிலரே. சிறு கடை வைத்து நாட்கூலி போல் வருமானம் காண்போர் மிகப் பலர். 2018-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 16-ந் தேதி வீசிய கஜாப் புயல் இப்பக்கத்துத் தென்னந்தோப்புக்களை வேரோடு சாய்த்ததை நாம் மறந்திலோம். ஒரு தென்னை மீண்டும் காய்க்கச் சில ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும். வயிறோ ஒரு நாளும் காத்திராது. ஆகவே, தோப்பை இழந்தவருட் சிலர் தெருவோரத்தில் தேநீர்க்கடை வைத்தனர். சிலர் பெட்டிக்கடை வைத்தனர். வேறு சிலர் மதுக்கடையை ஒட்டிய ‘பார்’ என்னும் இடத்தை ஏலத்தில் எடுத்து நடத்தப் புகுந்தனர். இவர்கள் அனைவரையும் ஒருசேரத் தொடுவதொரு சட்டத்தைப் பற்றியே யான் இன்று பேசக் கருதுகின்றேன். பொது இடங்களிற் புகை பிடித்தலைத் தடுக்கும் சட்டமே அது.

இப்பொருளை யான் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற ஆண்டு ஒரு நாள், என் வகுப்பு மாணவன் ஒருவனுடைய கட்டுரை ஏட்டைத் திருத்துவதற்காக எடுத்தேன். ஏட்டை விரித்தவுடன் பீடிப் புகையின் நாற்றம் வீசிற்று. ‘நீ புகைக்கின்றாயோ?’ என்று சினந்து கேட்டேன். பையன் கண்ணீர் ததும்ப, ‘இல்லை ஐயா, அப்பா கடையில் உட்கார்ந்து எழுதினேன்’ என்றான். ஆராயாது சினந்ததற்கு நாணினேன். அன்று மாலையே அவன் தந்தையின் கடைக்குச் சென்றேன். பன்னிரண்டடி நீளமும் எட்டடி அகலமும் உள்ள தகரக் கொட்டகை, இரண்டு பலகைகள், ஒரு பாய்லர், வடைச்சட்டி. பலகையில் அமர்ந்தவர் நால்வருள் இருவர் வாயிற் புகை. பையன் எழுதும் இடமோ பால் குண்டானுக்குப் பின்புறம்.

யான் சொல்லவந்ததைச் சொல்லத் தொடங்குமுன்னரே அவ்வன்பர் என் கருத்தை உணர்ந்துகொண்டார். ‘ஐயா, நீங்கள் சொல்லப்போவது எனக்குத் தெரியும். சட்டமும் தெரியும். ஆனால் தேநீர் கேட்கிறவர் கூடவே ஒரு சிகரெட்டும் கேட்கிறார். இங்கே பற்றவைக்காதீர்கள் என்றால் முகத்தைச் சுளித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போகிறார். அவரோடு தேநீரும் போகிறது, வடையும் போகிறது. நாளைக்கு அவருடைய கூட்டாளிகள் மூன்று பேரும் போகிறார்கள். எதிர்க்கடைக்காரரும் அதையே சொல்லிவிட்டால் எனக்கு ஒரு கவலையும் இல்லை’ என்றார். இவ்விறுதி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு உங்களை வேண்டுகிறேன். இச்சிறு சொற்பொழிவின் சாரம் முழுவதும் அதனுள் அடங்கியிருக்கின்றது.

அன்பர்களே! புகையிலை நம் நாட்டுப் பழம்பொருள் அன்று. கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரம் வகுத்த திருவள்ளுவர் புகையுண்ணாமையைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. அவர் காலத்து அப்பூண்டு இந்நாட்டில் இல்லை. அமெரிக்கக் கண்டத்திற் பிறந்து, போர்ச்சுகீசியருடைய கப்பல்களில் வந்து இங்கே வேரூன்றிய பொருள் அது. வந்தபின் அது நம்மவர் உள்ளத்தை எவ்வளவு கவர்ந்தது என்பதற்குச் சீனிச்சர்க்கரைப் புலவர் இயற்றிய ‘புகையிலை விடு தூது’ என்னும் நூலே சான்றாகும். அன்னத்தையும் மேகத்தையும் தூது விட்ட புலவர் மரபில், பழநிப் பெருமானிடத்துப் புகையிலையைத் தூது விடுத்தார் இப்புலவர். திருச்சிராப்பள்ளிச் சுருட்டு ஆங்கில நாடு வரை சென்று பெயர் பெற்றது. இவ்வாறு விருந்தாக வந்த பொருள் வீட்டுக்காரனாகவே அமர்ந்துவிட்டது. அதனை எழுப்பி வெளியே அனுப்புதல் எளிதன்று என்பதை ஒப்புக்கொண்டே மேலே செல்வோம்.

இனிச் சட்டத்தின் வரலாற்றைச் சுருக்கிக் கூறுவேன். பொது இடங்களிற் புகை பிடித்தல் குற்றமென்று நம் அண்டை நாடாகிய கேரளத்தின் உயர்நீதிமன்றம் 1999-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்தது. 2001-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் உச்சநீதிமன்றம், மருத்துவமனை, கல்விக்கூடம், நூலகம், நீதிமன்றம், பொது வண்டிகள் முதலிய இடங்களிற் புகைத்தலைத் தடுக்குமாறு நாடெங்கும் ஆணையிட்டது. நம் மாநிலமும் புகைத்தலையும் துப்புதலையும் தடுக்க 2002-ஆம் ஆண்டுக்குரிய சட்டமொன்றை இயற்றிக்கொண்டது. அதன்பின் மத்திய அரசு 2003-ஆம் ஆண்டிற் புகையிலைப் பொருள்கள் பற்றிய பெருஞ்சட்டத்தை நிறைவேற்றிற்று. அச்சட்டத்தின்கீழ் எழுதப்பெற்ற புதிய விதிகள் 2008-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 2-ந் தேதி, காந்தியடிகள் பிறந்த நாளில், நடைமுறைக்கு வந்தன. அவ்விதிகள் உணவுக்கடை, சிற்றுண்டிச்சாலை, காப்பிக் கடை, மதுவருந்தும் ‘பார்’, தொழில் செய்யும் இடம் யாவற்றையும் ‘பொது இடம்’ என்னும் சொல்லின்கீழ் வெளிப்படையாகக் கொண்டுவந்தன.

அவ்விதிகள் கடைக்காரரிடம் எதிர்பார்ப்பன யாவை? வாயிலில் 60 செண்டிமீட்டர் நீளமும் 30 செண்டிமீட்டர் அகலமும் குறையாத பலகையில், ‘இங்கே புகை பிடித்தல் குற்றம்’ என எழுதி வைத்தல் வேண்டும். குறை கூறுவோர் யாரிடம் கூறவேண்டும் என்பதையும் எழுதி வைத்தல் வேண்டும். சாம்பற்கிண்ணம், தீப்பெட்டி, தீமூட்டி முதலாகப் புகைத்தற்குத் துணையாகும் எப்பொருளையும் அவ்விடத்தே வைத்தல் கூடாது. நம் பெட்டிக்கடைகளின் கம்பத்தில் ஓயாது கனன்றுகொண்டு தொங்குமே, அந்தத் தேங்காய்நார்க் கயிறு, அதுவும் இவ்விலக்கில் அடங்கும். புகைத்தவர் 200 ரூபாய் வரை தண்டம் இறுத்தல் வேண்டும். அதனோடு நில்லாமல், ஒருவர் புகைப்பதைக் குறித்து முறையீடு வந்தும் கடைக்குரியவர் வாளாவிருப்பின், எத்துணைப் பேர் புகைத்தனரோ அத்துணைக் குற்றத்திற்குமுரிய தண்டத்தை அவரே இறுத்தல் வேண்டும்.

இங்கேதான் சிறு கடைக்காரருக்கு முதல் இடர் தோன்றுகின்றது. புகைப்பவன் வேறு, தண்டத்திற்கு ஆளாகின்றவன் வேறு. காவலர் செய்யவேண்டிய பணியைக் கல்லாவில் அமர்ந்திருக்கும் எளியவன் செய்யுமாறு விதி பணிக்கின்றது. பட்டணத்துப் பெரிய உணவகத்தில், சீருடை அணிந்த மேலாளர் ஒருவர் வந்து, ‘ஐயா, இங்கே புகைத்தல் கூடாது’ என்று பணிவாகக் கூறினால் வாடிக்கைக்காரர் கேட்பர். நம் ஊர்க் கொட்டகையிலோ, வந்து அமர்பவர் கடைக்காரருக்கு மாமனாகவோ மைத்துனனாகவோ இருப்பார். கடன் கொடுத்தவராகவும் இருப்பார். சில இடங்களில் கடை நிற்கும் மனைக்கு உரியவராகவும் இருப்பார். அவரிடம் எவ்வாறு கூறுவது? கூறினால் உறவு கெடும். கூறாவிடில் சட்டம் சுடும்.

இரண்டாவது இடர் இன்னும் கருதத்தக்கது. 2003-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு விலக்கு அளித்துள்ளது. 30 அறைகளோ அவற்றினும் மிகுதியோ உள்ள தங்கும் விடுதிகளும், 30 பேரோ அதற்கு மேற்பட்டோரோ அமரத்தக்க உணவகங்களும், விமான நிலையங்களும் புகைப்போர்க்கெனத் தனியிடம் அமைத்துக்கொள்ளலாம். அவ்விடம் நாற்புறமும் முழுச்சுவர் உடையதாய், தானே மூடிக்கொள்ளும் கதவு உடையதாய், உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளும் பொறியுடையதாய் இருத்தல் வேண்டும் என்பது விதி. இரண்டு பலகை போட்ட தேநீர்க்கடைக்காரர் இவ்விலக்கிற்கு எவ்வாறு உரியராவார்? செல்வம் உடையவனுக்குச் சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்தது. எளியவனுக்கு அக்கதவு கட்டச் சுவரே இல்லை.

மூன்றாவதாக, ‘பார்’ நடத்துவோரைப் பற்றியும் ஒரு சொல் கூறல் வேண்டும். மதுவைப் புகழ்ந்து ஒரு சொல்லும் இவ்வவையில் என் நாவினின்று வாராது. ஆயினும், தொழிலை நாம் விரும்பாமையால், அதிற் சிக்கியிருக்கும் மனிதரை நினையாதிருத்தல் அறமாகாது. 1983-ஆம் ஆண்டு தோன்றிய டாஸ்மாக் நிறுவனம், 2003-ஆம் ஆண்டு முதல் மாநிலத்தின் மதுச் சில்லறை வாணிகம் முழுவதையும் தன் கையிற் கொண்டது. அக்கடைகளை ஒட்டிய பார்களிலோ, தின்பண்டம் விற்கும் உரிமையும் காலிப்புட்டிகளைத் திரட்டும் உரிமையுமே ஒப்பந்தப்புள்ளி வாயிலாகத் தனியாருக்குத் தரப்படுகின்றன. மதுவின் ஆதாயம் வேறிடத்திற்குச் செல்ல, சுண்டலும் முட்டையும் விற்று, உரிமைத் தொகையை மாதந்தவறாது கட்டவேண்டியவர் இச்சிறு மனிதர். குடித்தவனிடம் ‘புகைக்காதே’ என்று கூறுதல் தேநீர் குடித்தவனிடம் கூறுதல் போன்றதன்று. அங்கே ஒரு சொல் மிகுந்தால் புட்டி உடையும். சிலவிடத்து மண்டையும் உடையும். அவ்வறையில் மேசை துடைக்கும் ஏழைத் தொழிலாளியோ, குடியாமலே குடியிடத்தில் இருந்து, புகைக்காமலே புகையுண்டு வாழ்கின்றான்.

இவ்விடர்களைக் கண்டு, ‘அங்ஙனமாயின் இச்சட்டம் தீது, இதனை நீக்குதலே நன்று’ என்று யான் கூறப்போவதாக யாரும் எண்ணற்க. யான் கூறக் கருதுவது இதற்கு நேர்மாறானது. அதனைத் தெளிவுறுத்த நெடுந்தொலைவில் நடந்த வழக்கொன்றை எடுத்துக்காட்டுவேன்.

ஜெர்மனி நாட்டிலே தெருமூலைதோறும் சிறு மதுவிடுதிகள் உண்டு. ஒரே அறை, சில நாற்காலிகள், உரியவனே ஊற்றிக் கொடுப்பான். அந்நாட்டு மாநிலங்கள் உணவிடங்களிற் புகைத்தலைத் தடுத்துச் சட்டங்கள் செய்தபோது, பெரிய விடுதிகள் தனியறை அமைத்துக்கொள்ளலாம் என்று நம் நாட்டுச் சட்டம் போலவே விலக்கு அளித்தன. ஒரே அறையுடைய எளியவர்க்கு அவ்விலக்காற் பயனில்லை. வாடிக்கைக்காரர் தனியறையுள்ள பெரிய விடுதிகளை நாடினர். இழப்புற்ற சிறு விடுதிக்காரர் அந்நாட்டின் மிக உயர்ந்த அரசமைப்பு நீதிமன்றத்தில் முறையிட்டனர். 2008-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 30-ந் தேதி தீர்ப்பு வந்தது. ‘பெரியவர்க்கு விலக்களித்துவிட்டுச் சிறியவர்மேல் முழுச் சுமையையும் ஏற்றுதல் நேர்மையன்று’ என்பது அத்தீர்ப்பின் கருத்து. புதிய சட்டம் இயற்றப்பெறும் வரையில், 75 சதுர மீட்டருக்குக் குறைந்த பரப்பும், சமைத்த உணவு விற்பனை இன்மையும், பதினெட்டு வயதிற்குட்பட்டோரை உள்ளே விடாமையும் உடைய சிறு விடுதிகளுக்கு இடைக்கால விலக்கும் அளிக்கப்பெற்றது.

இத்தீர்ப்பில் நாம் கருதத்தக்க பகுதி மற்றொன்று உண்டு. ‘சட்டமியற்றுவோர் யாதொரு விலக்குமின்றி எல்லா விடுதிகளிலும் ஒருங்கே புகையைத் தடுப்பாராயின், அதுவும் முறையே’ என்று அந்நீதிமன்றம் கூறிற்று. அந்நாட்டின் பவேரியா மாநிலத்து மக்கள் அவ்வழியையே தேர்ந்தனர். 2010-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 4-ந் தேதி நடந்த பொதுவாக்கெடுப்பில் பெரும்பான்மையோர் முழுத் தடையை விரும்பி வாக்களித்தனர். அடுத்த மாதம் முதற்கொண்டு பெரியது சிறியது என்னும் வேறுபாடின்றி எல்லா விடுதிகளிலும் புகை ஒழிந்தது.

இதனின்று நாம் அறிவது யாது? சிறு கடைக்காரரைத் துன்புறுத்துவது தடை அன்று; தடையிலுள்ள ஓட்டையே அவரைத் துன்புறுத்துகின்றது. எல்லார்க்கும் ஒன்றாய் இருக்கும் சட்டம் எளியவனுக்கு நட்பு. ஒருவனை விட்டு ஒருவனைப் பிடிக்கும் சட்டமே அவனுக்குப் பகை. ‘எதிர்க்கடைக்காரரும் அதையே சொல்லிவிட்டால் எனக்கு ஒரு கவலையும் இல்லை’ என்று நம் ஊர்த் தேநீர்க்கடை அன்பர் கூறியதும், கடல்கடந்த நாட்டு நீதிமான்கள் கூறியதும் ஒரே கருத்தன்றோ?

நம் மத்திய அரசும் 2020-ஆம் ஆண்டிற்குரிய ஒரு திருத்த வரைவில், விடுதிகளிலும் விமான நிலையங்களிலும் உள்ள புகையறைகளை ஒழிக்கக் கருதிற்று. அவ்வரைவு மட்டும் சட்டமாக நிறைவேறியிருப்பின் இவ்வேற்றத்தாழ்வு நீங்கியிருக்கும்.

இனி, ‘தடையால் வாணிகம் குன்றாதோ?’ என்னும் ஐயத்தை ஆராய்வோம். இவ்வினா உலகெங்கும் எழுந்தது. அயர்லாந்து நாடு 2004-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 29-ந் தேதி மதுவிடுதிகள் உட்படத் தொழிலிடங்கள் யாவற்றிலும் புகைத்தலைத் தடுத்தது. நாடு முழுவதற்கும் இவ்வாறு செய்த முதல் நாடு அதுவே. மதுவிடுதிகள் நிறைந்த அந்நாட்டில் இது நடவாது என்று நகைத்தவர் பலர், நடந்தது. வேறு பல நாடுகளும் பின்பற்றின. இத்தகைய தடைகளால் உணவு விடுதிகளுக்கும் மதுவிடுதிகளுக்கும் நேர்ந்த ஆதாய நட்டங்களைப் பற்றி வெளிவந்த 97 ஆய்வுகளை அறிஞர் சிலர் ஒருங்கு வைத்து ஆராய்ந்து, 2003-ஆம் ஆண்டில் முடிவு வெளியிட்டனர். முறையாகச் செய்யப்பெற்ற ஆய்வுகளில் வருமானம் குன்றியதாகக் காணப்படவில்லை. குன்றியது எனக் கூறிய ஆய்வுகள் புகையிலை வணிகரின் பொருளுதவியாற் செய்யப்பெற்றவை என்பது அவர்கள் கண்ட முடிவு.

ஆயினும், ஆசிரியன் மாணவரிடத்தில் உண்மையை மறைத்தல் ஆகாதது போல, பேச்சாளன் அவையோரிடத்தில் மறைத்தலும் ஆகாது. இக்கணக்குகள் ஊர் முழுவதையும் நாடு முழுவதையும் கூட்டிப் பார்த்த கணக்குகள். ஆற்றின் சராசரி ஆழம் முழங்கால் அளவு என்று கேட்டு இறங்கியவன் மடுவில் மூழ்கிய கதையை நீங்கள் அறிவீர்கள். மொத்த வாணிகம் குன்றாதிருக்கும்போதே, வெளியிடமில்லாத ஒரு மூலைக்கடை வாடுதல் கூடும். ஆகவே, ‘ஒருவருக்கும் ஒன்றும் நேராது’ என்று யான் கூறேன். ‘அஞ்சிய அளவு நேராது, நேரும் சிறிதையும் நாம் கூடி நின்றாற் குறைக்கலாம்’ என்றே கூறுவேன்.

நமக்கு மிக அணுக்கமான சான்றொன்று மலேசியாவிலிருந்து கிடைக்கின்றது. இத்தஞ்சைக் கடற்கரையினின்றும் மலேயாவிற்குச் சென்று உணவுக்கடை வைத்துப் பிழைத்தோர் எத்துணைப் பேர்! ‘மாமாக்’ கடைகள் என்று அங்கே வழங்கும் இந்திய முஸ்லிம்களின் உணவுக்கடைகள் இரவு பகலாக மக்கள் கூடும் இடங்கள். தேத்தண்ணீரும் ரொட்டியும் புகையும் அங்கே பிரியாத் தோழர்களாய் இருந்தன. 2019-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 1-ந் தேதி முதல் அந்நாட்டரசு, திறந்தவெளிக் கடைகள் உட்பட எல்லா உணவுக்கடைகளிலும் புகைத்தலைத் தடுத்தது. புகைக்க விரும்புவோர் கடையை விட்டு மூன்று மீட்டர் அப்பாற் செல்லவேண்டும். முதலாண்டு முழுவதும் அறிவுறுத்தலும் எச்சரித்தலுமே நடந்தன. 2020-ஆம் ஆண்டு முதல்தான் தண்டம் விதிக்கலாயினர். பெருங்கடை, சிறுகடை, குளிரூட்டிய கடை, மரத்தடிக் கடை என்னும் வேறுபாடு அங்கே இல்லை. முதலில் அறிவுறுத்தல், பின்னர்த் தண்டம் என்னும் அம்முறையும் நாம் விரும்பத்தக்கது.

மற்றொன்றும் எண்ணிப் பாருங்கள். 2016-17-ஆம் ஆண்டுகளில் இந்திய அரசு எடுத்த கணக்கின்படி, வயது வந்தோருள் புகைப்போர் நூற்றுக்கு 10.7 பேர், ஆடவரை மட்டும் கொண்டாலும் நூற்றுக்கு 19 பேர். ஐந்து ஆடவருள் நால்வர் புகையாதவர். அந்நால்வரும் வாய் திறவாமல் இருப்பதாலேயே ஐந்தாமவருடைய விருப்பம் கடையின் சட்டமாகிவிடுகின்றது. மனைவி மக்களோடு ஊருக்கு வருகிற ஒருவர் நம் கடை வாயிலில் நின்று, உள்ளே புகையைக் கண்டு, அப்பாற் சென்றுவிடுகின்றாரே, அந்த இழப்பை நாம் எந்த ஏட்டில் எழுதி வைத்தோம்? போன வாடிக்கைக்காரரைக் காண்கின்றோம். வாராத வாடிக்கைக்காரரைக் காண்கின்றிலோம்.

இதுகாறும் பணத்தைப் பற்றிப் பேசினேன். இனி உயிரைப் பற்றிப் பேசுகின்றேன்.

என் தாய்மாமன் ஒருவர் முப்பதாண்டுக் காலம் சிற்றுண்டிக்கடை நடத்தினார். வெற்றிலை பாக்கும் போடாதவர். ஐம்பத்தைந்து வயதில் இருமல் பற்றிற்று; படியேற மூச்சு வாங்கிற்று. மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். ‘நாளொன்றுக்கு எத்தனை பீடி குடிப்பீர்?’ என்று மருத்துவர் வினவினார். ‘ஒன்றும் இல்லை’ என்றார் மாமன். மருத்துவர் நம்பவில்லை. ‘என்ன தொழில் செய்கின்றீர்?’ என்று அடுத்துக் கேட்டார். விடையைக் கேட்டபின் சற்று வாளாவிருந்து, ‘உம் கடைக்கு வந்தவர் எல்லாரும் குடித்ததை நீரும் குடித்திருக்கின்றீர்’ என்றார். அடுப்புப் புகையும் அந்நோய்க்குத் துணை செய்திருக்கலாம். எனினும் அச்சொல் என் நெஞ்சினின்று இன்னும் நீங்கவில்லை. வாடிக்கைக்காரர் கால்மணி நேரம் அமர்ந்து எழுந்து போகின்றார். கடைக்காரர் விடியற்காலை நான்கு மணி முதல் இரவு ஒன்பது மணி வரை அப்புகையிலேயே நிற்கின்றார். புகைத் தடையால் முதல் நன்மை எய்துபவர் யார் என்றால், தடையை எண்ணி அஞ்சுகின்ற அக்கடைக்காரரே ஆவார்.

புகையிலைப் புகையில் ஏழாயிரத்திற்கு மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளன என்றும், அவற்றுள் எழுபதளவு புற்றுநோய் விளைப்பவை என்றும் அறிஞர் கண்டுள்ளனர். பிறர் விட்ட புகையை உட்கொள்வதனாலேயே உலகில் ஆண்டுதோறும் பத்து இலட்சத்திற்கு மேற்பட்டோர் இறக்கின்றனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அயர்லாந்தில் தடை வந்தபின் மதுவிடுதி ஊழியரைச் சோதித்தபோது, அவர்தம் உமிழ்நீரிற் காணப்பெற்ற புகையிலை நஞ்சின் எச்சம் பெரிதும் குறைந்திருந்தது; இருமலும் மூச்சுத்திணறலும் தணிந்திருந்தன.

தாய்மார்களே! உங்களுக்கும் ஒரு சொல். நம் சிறு கடைகளிற் பல, முன்புறம் கடையும் பின்புறம் வீடுமாக இருப்பவை. தொட்டிலும் பலகையும் ஒரே கூரையின்கீழ் உள்ளன. கணவர் கடையில் நடப்பது தமக்குத் தொடர்பில்லாதது என்று நீங்கள் எண்ணாதீர்கள். மாமனாரோ தமையனாரோ கூரையின்கீழ்ப் பற்றவைக்கும்போது, ‘குழந்தை தூங்குகிறது, வெளியே போய்ப் பிடியுங்கள்’ என்று நீங்கள் கூறும் ஒரு சொல், அரசாங்கம் மாட்டும் நூறு பலகைகளினும் வலியுடையது.

நற்சட்டமொன்று பிறக்கும்போது அதன் சுமை யார் தோளில் விழுகின்றது என்று கேட்பது நம் மாநிலத்திற்குப் புதிதன்று. 1937-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் இராஜாஜி அவர்களின் அமைச்சரவை மதுவிலக்கைத் தொடங்கிற்று. அரசுக்கு நேர்ந்த வருவாய் இழப்பை ஈடுசெய்ய 1939-ஆம் ஆண்டில் விற்பனை வரி வந்தது. அரசின் இழப்புக்கு ஒரு வரி ஈடாயிற்று. மரமேறி வயிறு வளர்த்தவனுடைய இழப்பு அத்துணை எளிதில் ஈடாகவில்லை. இப்புகைத் தடை அத்தகையதன்று. விற்கக் கூடாது என்று அது கூறவில்லை. கூரையின்கீழ்க் கொளுத்தக் கூடாது என்றே கூறுகின்றது. ஆதலின் இழப்புச் சிறிது. ஈடு செய்யும் வழியும் நம் கையிலேயே உள்ளது.

அவ்வழியை நான்கு வேண்டுகோளாக இவ்வவைமுன் வைக்கின்றேன்.

முதலாவது: நம்மவர் நடத்தும் தேநீர்க்கடை, சிற்றுண்டிக்கடை, பார் அனைத்தும் ஒரே நாளிற் புகையை நிறுத்துவதாக உறுதி கொள்ளல் வேண்டும். நம்மவர் மட்டும் செய்தாற் போதாது; ஒரு தெருவில் நம் கடை இரண்டு, பிற சமூகத்தார் கடை எட்டு. ஆகவே நம் சங்கத்தார் ஊர் வணிகர் யாவரையும் கண்டு பேசி, எல்லாச் சமூகத்தாரையும் கூட்டிக்கொண்டு ஒரு நாளைக் குறித்தல் வேண்டும். எதிரெதிர்க் கடைகள் இரண்டும் ஒரே சொல்லைச் சொன்னால் வாடிக்கைக்காரர் எங்கே போவார்?

இரண்டாவது: விதிப்படியான அறிவிப்புப் பலகைகளைச் சங்கச் செலவில் எழுதுவித்துக் கடைகளுக்கு வழங்கலாம். பலகை இருந்தால், மாமனிடமும் மைத்துனனிடமும் வாயால் மறுக்கவேண்டிய இடர் குறையும். ‘நான் சொல்லவில்லை, பலகை சொல்கிறது’ என்று சிரித்துக்கொண்டே கூறிவிடலாம். எழுத்துக்களை அழகாக எழுதும் பணியை என் மாணவர்கள் மகிழ்ந்து ஏற்பர்.

மூன்றாவது: கம்பத்திற் கனலும் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். சாம்பற்கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். நெருப்பு கையருகே இல்லையாயின் பாதிப் பேர் பற்றவைக்க மாட்டார்கள். அத்துடன், பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு விற்றலும், கல்விக்கூடத்திற்கு நூறு கெஜத்திற்குள் விற்றலும் குற்றம் என்பதை மறவாதீர்கள். என் மாணவரைக் காக்கும் விதி ஆகலின் இதனை அழுத்திக் கூறுகின்றேன்.

நான்காவது: அரசுக்கு ஒரு விண்ணப்பம் அனுப்புவோம். பெரிய விடுதிகளுக்கு அளித்த புகையறை விலக்கை நீக்குக. புகைப்பவனையே முதற்குற்றவாளியாகக் கொள்க. சிறு கடைக்காரருக்கு முதலில் அறிவுறுத்தலும் அதன்பின்னரே தண்டமும் என்னும் முறையைக் கைக்கொள்க என்று அதில் வேண்டுவோம். சட்டத்திற்கு அஞ்சி ஒளிகின்றவனுடைய முறையீட்டை அரசு கேளாது. சட்டத்தைத் தானே நிறைவேற்றிவிட்டு முன்வந்து நிற்பவனுடைய முறையீட்டிற்குத்தான் வலிமை உண்டு. ஆகலின் முதல் மூன்றையும் செய்த பின்னரே நான்காவதைச் செய்வோம்.

அன்பர்களே! தென்னை சாய்ந்தபோது நாம் சாயவில்லை. ஒருவர் தோப்பில் ஒருவர் கூடி நின்று விழுந்த மரங்களை அகற்றினோம். மறுபடியும் கன்று நட்டோம். அவ்வொற்றுமையில் நூற்றில் ஒரு பங்கு போதும், நம் கடைகளினின்று புகையை அகற்றுவதற்கு. அந்தத் தேநீர்க்கடைப் பையன் இவ்வாண்டும் என் வகுப்பிலேயே இருக்கின்றான். இப்பொழுதும் பால் குண்டானுக்குப் பின்னே அமர்ந்துதான் எழுதுகின்றான். ஆண்டு முடிவதற்குள் அவனுடைய ஏட்டை யான் விரிக்கும்போது அதில் மையின் மணம் மட்டுமே இருக்கும்படி செய்வது உங்கள் கையில் உள்ளது.